8 வருஷமா சசான்குவா கமீலியா வளர்க்கறேன்: பூவுல குறையில்ல, பிரச்சனை எல்லாம் இலைக்கு அடியில

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தி வந்து செடியைச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு "இதையே நானும் வைக்கட்டுமாடி?"ன்னு கேட்டா. நான் அப்பதான் ரெண்டு மணி நேரம் குனிஞ்சு இலை இலையா திருப்பி எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சு முடிச்சு நிமிர்ந்திருந்தேன், கழுத்து விண்விண்ணுன்னு வலி, "வேண்டாம்"னு பட்டுன்னு சொல்லிட்டேன். அது நியாயமான பதிலான்னு அன்னிலேருந்து மனசுல ஓடிட்டே இருக்கு.

நாலு செடி இருக்கு. ஜப்பானோட தெற்குத் தீவுகள்தான் இதுக்குப் பூர்வீகம், தேயிலைச் செடிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி, ரெண்டும் ஒரே பேரினம். அமில மண்ணு, தண்ணி தேங்காத இடம், வேர்க்கட்டியை ஆழமா புதைக்காம நடணும், இதெல்லாம் செடி வாங்கும்போதே எல்லாரும் சொல்லிடுவாங்க.

பூவைப் பத்தி ஒரு குறை கூட என்னால சொல்ல முடியாது. தோட்டத்துல மத்ததெல்லாம் ஓய்ஞ்சு இலை கொட்டுற நேரத்துலதான் இது ஆரம்பிக்கும். ஒரு பூ நாலு நாள் நின்னா அதிகம், ஆனா மொட்டு நூத்துக்கணக்குல இருக்கறதால வாரக்கணக்குல பூத்துட்டே இருக்கும். கமீலியாவுலயே இன்னொரு வகையான ஜப்போனிகா முழுப் பூவா பொத்துன்னு விழும், இது இதழ் இதழா உதிரும், காலையில கதவைத் திறந்தா செடிக்கு அடியில வட்டமா ரோஸ் ஜமக்காளம் விரிச்ச மாதிரி கிடக்கும், பெருக்கவே மனசு வராது. மூக்கைக் கிட்ட வச்சு மோந்தா டீத்தூள் டப்பாவைத் திறந்த மாதிரி லேசா ஒரு வாசனை. குளிர்ல வேற பூ கிடைக்காத தேனீ நடுவுல இருக்கற மஞ்சள் மகரந்தத்துல புரண்டுட்டிருக்கும். ஜப்போனிகா பூவைப் பழுப்பாக்கற இதழ்க் கருகல் பூஞ்சை குளிர் முடியற சமயம்தான் கிளம்பும், அதுக்குள்ள இது பெரும்பாலும் பூத்து முடிச்சிருக்கும், அந்தத் தொல்லையும் இல்ல.

என் உயிரை எடுக்கறது டீ ஸ்கேல்ங்கற செதில் பூச்சி. மூணாவது வருஷம் இலை மேல மஞ்சள் புள்ளி தெரிஞ்சுது, இரும்புச் சத்து கம்மின்னு நினைச்சு ஒரு வருஷம் முழுக்க அதுக்கே மருந்து போட்டுட்டிருந்தேன். இரும்பு கம்மின்னா கொழுந்து இலைதான் வெளிறும், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். இதுல முத்தின இலையில அங்கங்க திட்டுத் திட்டா இருந்துச்சு. ஒரு நாள் ஏதோ தோணி இலையைத் திருப்பினேன், அடிப்பக்கம் பூரா பஞ்சைப் பிச்சுத் தூவின மாதிரி வெள்ளை, நடுநடுவுல படகு மாதிரி நீளமா பழுப்புப் பொட்டு, ஊசி முனை அளவுதான். மத்த செதில் பூச்சியில சில வகை பிசுபிசுன்னு தேன் மாதிரி ஒண்ணைக் கழிக்கும், எறும்பு வரும், இலை கருக்கும், சீக்கிரமே தெரிஞ்சிடும். இது எதையும் காட்டாது, நாமளா இலையைத் திருப்பினாதான் உண்டு.

மருந்துன்னு பெருசா ஒண்ணுமில்ல, தோட்டத்துக்குன்னே விக்கற எண்ணெயைத் தண்ணியில கலந்து அடிச்சா மூச்சு முட்டிச் செத்துடும், ஆனா பூச்சி மேலேயே படணும், அது உக்காந்திருக்கறதோ இலைக்கு அடியில, அதனால கீழேருந்து மேல அடிக்கணும், வெயில் கொளுத்துற நாள்ல அடிச்சா இலை பொசுங்கும், ஒரு தடவை அடிச்சு முடியாது, முட்டையிலேருந்து புதுசா வர்றதுக்காக மறுபடி அடிக்கணும். இதுல பெரிய கடுப்பு என்னன்னா செத்த பூச்சியும் இலையிலேயே ஒட்டிட்டு இருக்கும், பாத்தா வித்தியாசமே தெரியாது. நகத்தால நசுக்கிப் பாக்கறேன், ஈரமா பிதுங்கினா உயிரோட இருக்கு, தூளா உதிர்ந்தா செத்தாச்சு. நாலு செடிக்கும் இதே வேலை.

இதுல நான் பண்ணின தப்பும் இருக்கு, அதையும் சொல்லணும். நாலுல மூணு வெட்டவெளியில இருக்கு, அதுல பூச்சி கொஞ்சமாத்தான் வருது. சுவரோரம் நிழல்ல ஒண்ணை நெருக்கி வச்சேன், அங்க காத்தும் போகாது கையும் போகாது, அதுலேருந்துதான் மத்ததுக்கெல்லாம் பரவுது. உள்கிளையைக் கவாத்து பண்ணினா கொஞ்சம் பரவாயில்ல, ஆனா பூ முடிஞ்ச கையோட பண்ணிடணும், கோடையில மொட்டு கட்டிடும், அதுக்கப்புறம் வெட்டினா அந்த வருஷப் பூவும் போச்சு.

ஃப்ரெண்டுக்கு நேத்து ஃபோன் பண்ணி இவ்வளவும் சொன்னேன். அவ வைக்கணும்னு சொல்ற இடமும் சுவரோரம்தான், அதனால வேண்டாம்னே மறுபடியும் சொன்னேன். எங்க சுவரோரச் செடியில இப்ப கிளை கிளையா மொட்டு நிக்குது, ரெண்டு மொட்டுல நுனி பிளந்து ரோஸ் எட்டிப் பாக்குது. இந்த சீசன் முடிஞ்சதும் அதை வேரோட எடுத்துடப் போறேன்.