மெய்யெழுத்தின் புள்ளி தெரிய வேண்டும்: 43 அங்குலத் திரையுடன் நான்கு ஆண்டுகள்

மண்டைக்காட்டில் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறேன், மெய்ப்பும் பார்க்கிறேன். என் தொழிலில் ஒரு திரை நல்லதா இல்லையா என்பதை மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளிதான் சொல்லும். அது கண்ணுக்குத் தப்பினால் 'எழுத்து' 'எழுதது' ஆகி அச்சேறிவிடும். 2021இல் நாகர்கோவிலில் ஒரு 43 அங்குல 4கே டிவியை வாங்கிக் கணினித் திரையாக வைத்துக்கொண்டேன். அதே அளவில் மானிட்டராகவே வாங்க என்னிடம் பணம் இல்லை. இன்றும் அதில்தான் வேலை செய்கிறேன்.

முதல் நாள் மாலை மனம் உடைந்துவிட்டது. பழைய 21.5 அங்குலத் திரையைவிட எழுத்து மோசமாகத் தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தைச் சுற்றியும் வெள்ளை நிழல். பக்கத்தின் நான்கு ஓரமும் சிறிது வெட்டுப்பட்டிருந்தது. சுட்டி, கையை நகர்த்திய பிறகு தயங்கித் தயங்கி வந்தது. எட்டிப் பார்த்த அம்மா, "மக்களே, இது படம் பார்க்கிற பெட்டி, இதில் எழுத்து எப்படி வாசிப்பாய்?" என்று கேட்டார்.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டியது. 4கே என்றால் குறுக்கே 3840, நெடுக்கே 2160 பிக்சல்கள். மொத்தம் ஏறத்தாழ 83 லட்சம். ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு. ஆனால் 43 அங்குலத்தில் அவை பரவும்போது ஓர் அங்குலத்துக்கு 102 பிக்சல்தான் வருகிறது. என் பழைய 21.5 அங்குல ஃபுல் எச்டி திரையிலும் அதே 102! பழைய திரைகள் நான்கை இரண்டிரண்டாக அடுக்கி ஒட்டியதுதான் இந்தப் புதுத் திரை. இடம் நான்கு மடங்கு கிடைத்தது. கூர்மை ஓர் இழைகூடக் கூடவில்லை. 27 அங்குல 4கே திரையில் அதே கணக்கு 163 என்று வரும். பெரிய திரை என்றாலே துல்லியம் என்று நம்பி வாங்குகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஆகவே கூர்மையைத் தூரத்தில் தேடினேன். 102 என்ற அடர்த்தியில் ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டர். இயல்பான பார்வை உள்ளவருக்குச் சுமார் 85 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாது. தச்சரை வரவழைத்து மேசையைச் சுவரிலிருந்து விலக்கித் திரையைச் சுவரில் மாட்டினேன். அந்த ஒரு மாற்றமே பாதிக் குறையைத் தீர்த்தது.

மீதிக் குறைகளுக்குக் காரணம் திரை அல்ல, கணினிக்கும் திரைக்கும் நடுவே இருந்தவை. கணினி அனுப்பும் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் போய் உட்கார வேண்டும். நடுவில் யாரும் அதை இழுக்கவோ, மெருகேற்றவோ, நிறத்தைக் குறைக்கவோ கூடாது. டிவியோ இந்த மூன்றையும் செய்கிறது. திரைப்படத்துக்கு அது நல்லது, எழுத்துக்குக் கேடு. படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டும் அமைப்பை நிறுத்தினேன். 'ஷார்ப்னஸ்' 50இல் இருந்தது. பூஜ்யத்துக்கு இறக்கியதும் வெள்ளை நிழல் மறைந்தது. கூர்மை என்று பெயர் வைத்த அமைப்பைக் குறைத்தால்தான் கூர்மை வருகிறது.

சுட்டியின் தயக்கத்துக்குக் காரணம் மடிக்கணினியில் படத்தை வெளியே அனுப்பும் இணைப்பு, பழைய எச்டிஎம்ஐ 1.4. அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 முறை வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 என்ற இன்னொரு வகை இணைப்பு. நல்லவேளையாக என் கணினியின் யூஎஸ்பி-சி துளை படத்தையும் அனுப்பும் வகை. 4கே 60க்கு ஏற்ற ஒரு அடாப்டர் வாங்கினேன். டிவியில் கேபிள் செருகும் துளையையும் அமைப்பில் போய் முழு வேகத்துக்குத் திறந்துவிட வேண்டியிருந்தது.

என்னை அதிகம் அலைக்கழித்தது சிவப்பு நிறம். மெய்ப்பில் நான் போடும் திருத்தக் குறிகள் சிவப்பு. கறுப்பு எழுத்து தெளிவாகிவிட்ட பிறகும் சிவப்பு மட்டும் ஈரத்தாளில் மை ஊறியதுபோல் கசிந்தே தெரிந்தது. கண்ணைச் சோதித்துக்கொள்ளக்கூடப் போனேன். விஷயம் இதுதான்: அனுப்பும் தரவை மிச்சம்பிடிக்க, ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்ச அளவைத் தனித்தனியாக அனுப்பிவிட்டு நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாக அனுப்புவார்கள். 4:2:0 என்று இதற்குப் பெயர். வெள்ளையில் கறுப்பு எழுத்து வெளிச்ச வேறுபாட்டால் மட்டும் ஆனது, அதனால் தப்பிவிடுகிறது, சிவப்பு மாட்டிக்கொள்கிறது. டிவியில் அந்தத் துளைக்குப் 'பிசி' என்று பெயரிட்டு, கணினியின் நிற அமைப்பை 4:4:4 என்று, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தையும் தனியாக அனுப்பும்படி, மாற்றியதும் கசிவு நின்றது. 'ஞ்' எழுத்தின் மேல் நான் போட்ட சிவப்புச் சுழியின் முனை அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

இன்னும் ஒன்று. அச்சகத்தில் புள்ளி எண்ணும் லென்ஸைத் திரையில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் வழக்கமாக இடமிருந்து வலமாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிற்கும் துணைப்புள்ளிகள் என் திரையில் நீலம், பச்சை, சிவப்பு என்று திரும்பி நின்றன. எழுத்தைத் தெளிவாகக் காட்ட விண்டோஸில் உள்ள கிளியர்டைப் என்ற வசதி இந்த வரிசையை நம்பித்தான் எழுத்தின் ஓரத்தைத் தீட்டுகிறது. அதன் அமைப்பில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த மாதிரிகளைத் தேர்ந்த பிறகு எழுத்தின் ஓரத்து நிறக்கறை குறைந்தது.

எழுத்தைப் பெரிதாக்க 150 விழுக்காடு வைத்தும் பார்த்தேன். புதிய மென்பொருள்கள் அழகாக வந்தன. நான் நம்பியிருக்கும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் மட்டும் மங்கியது. அதற்கு இந்த வசதியெல்லாம் தெரியாது, வரைந்து முடித்த படத்தையே விண்டோஸ் இழுத்துக் காட்டுகிறது. 100 விழுக்காட்டுக்கே திரும்பிவிட்டேன். டெம்மி அளவுப் புத்தகத்தின் ஆறு பக்கங்களை அசல் அளவில் ஒரே வரிசையில் பார்க்கிறேன். போன ஆண்டு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் சிதறால் மலைக் கல்வெட்டின் படங்களைக் கொண்டுவந்தார். பழங்காலத் தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் 'ப'வும் 'வ'வும் குழப்பும் அல்லவா? முழு வரியையும் பெரிதாக விரித்து வைத்து, இருவரும் ஒரு பகல் முழுவதும் எழுத்தெழுத்தாகப் படித்தோம். அதற்காகவே இந்தத் திரைக்கு நன்றி சொல்வேன்.

குறைகளும் உண்டு. அருகில் உட்காருவதால் ஓரங்கள் வெளிறித் தெரிகின்றன. அட்டைப்பட நிறத்தை நான் இதில் முடிவு செய்வதில்லை. கணினி உறங்கினாலும் டிவி உறங்காது, ரிமோட்டைத் தேட வேண்டும். கடல்காற்று எங்கள் ஊரில் எதையும் விடாது: இரண்டாம் ஆண்டில் படம் திடீர் திடீரென்று மறைந்து வந்தது, கேபிளின் முனையில் பச்சையாகக் களிம்பு. இரண்டு மீட்டரில் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' முத்திரையுள்ள கேபிளைப் போட்டேன், சரியானது. விலை உயர்ந்த கேபிள் எழுத்தைக் கூர்மையாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேபிள் கெட்டால் படம் விட்டுவிட்டு வரும், மின்னும், மறையும், எழுத்து மங்காது.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறிமாறிக் கோடு போட்ட படம் ஒன்றைத் தயாரித்து, கீழே கறுப்பில் நான்கு சிவப்பு எழுத்து எழுதிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த மடிக்கணினியை இணைத்து, அதை 100 விழுக்காட்டில் திறந்து பாருங்கள். கோடுகள் ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரிந்தால் பிக்சல் பிக்சலாகவே வருகிறது. பட்டை பட்டையாகத் தெரிந்தால் நடுவில் எங்கோ இழுக்கப்படுகிறது. சென்ற மாதம் நண்பர் ஒருவருக்காகத் தக்கலையில் மூன்று திரைகளை இப்படிப் பார்த்தோம். இரண்டில் பட்டை விழுந்தது. மூன்றாவதில் கோடு சீராக வந்தது, சிவப்பு கசிந்தது. கடைக்காரத் தம்பியிடம் ரிமோட்டை வாங்கி 'பிசி' என்று மாற்றினேன். 'ழ்' மேல் இருந்த சிவப்புப் புள்ளி வட்டமாக நின்றது. அதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.