அம்மோனைட்: அறுத்த பாதியா, முழு ஓடா?

அம்மோனைட் என்பது அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடல் விலங்கின் புதைபடிவம். ஹட்டன், நுவரெலியா பக்கம் விஞ்ஞான அறைக்கு ஒன்று வாங்க நினைப்பவர்கள் கேட்பது இதுதான். நம் மலைப் பாறைகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை, அதில் அம்மோனைட் கிடைக்காது, வாங்கத்தான் வேண்டும்.

உள்ளமைப்பு
பாதி: ஓட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர்கள் வரிசையாகத் தெரியும். விலங்கு குடியிருந்தது கடைசி அறையில் மட்டுமே, மற்றவை மிதப்புக்கு. வெட்டு சரியாக நடுவில் விழுந்திருந்தால் வெளிவிளிம்பை ஒட்டிப் போகும் மெல்லிய குழாயும் தெரியும்; இன்றும் வாழும் அதன் உறவான நாட்டிலஸில் அது சுவர்களின் நடுப்பகுதியில் போகும்.
முழு: ஒன்றும் தெரியாது.

வெளிப்புறம்
முழு: விலா வரிகள், அப்புறம் மேலோடு உரிந்த இடத்தில் தையல் கோடுகள். தடுப்புச் சுவர் ஓட்டைத் தொட்ட தடம் அது, பன்ன இலை ஓரம்போல நெளிந்து கிளைக்கும். இனம் பிரிக்க இதையும் பார்க்கிறார்கள்.
பாதி: முதுகைத் திருப்பினால் ஒரு பக்கம் கிடைக்கும்.

ஈரம்
எதுவானாலும் பைரைட்டாக (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மாறியதை வாங்காதீர்கள், இந்த ஊர் ஈரத்தில் பொடிந்துவிடும். சுண்ணாம்புக் கனிமமான கல்சைட்டாக மாறியது தாங்கும்.

பாடம் நடத்தப் பாதியே போதும். இனம் கண்டுபிடிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு, தையல் தெளிவாகத் தெரியும் முழு ஓட்டையே கொடுங்கள்.