லித்தியம் பேட்டரி சார்ஜர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: ₹13,500 போய்விட்டது

சென்னை ரிச்சி தெருப் பக்கம் மின்னணுச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கிய சார்ஜரும் பவர் சப்ளையும், ரிமோட்டில் பறக்கும் ஆர்.சி. விமானத்துக்காக நான் வைத்திருந்த ஆறு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியை வீங்க வைத்துவிட்டன. சார்ஜர் ₹5,200, எஸ்.எம்.பி.எஸ். (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கிச் சார்ஜருக்குத் தரும் அந்தப் பவர் சப்ளை) ₹1,800, பேட்டரி ₹6,500. ஆக மொத்தம் ₹13,500.

என் தேவையைக் கடைக்காரரிடம் தெளிவாகவே சொன்னேன். 5000 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள பேட்டரியை 5 ஆம்பியரில் ஏற்ற வேண்டும். முழுதாக ஏறும்போது அது 25.2 வோல்ட் என்பதால் 126 வாட் வேண்டும். சார்ஜருக்குள் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் சப்ளையிலிருந்து 12 ஆம்பியர் வரை இழுக்கும். சப்ளையைக் காட்டி, "இது முப்பது ஆம்பியர் அண்ணா, அசையாது. என் வீட்லயும் இதான் ஓடுது" என்றார். சொன்னதோடு நிற்காமல், மேசையில் இருந்த மூன்று செல் பேட்டரி ஒன்றை மாட்டி, ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் திரையில் காட்டினார். ஓட்டியே காட்டுகிறவரை எப்படிச் சந்தேகிப்பது? ஆனால் அவர் ஓட்டிக் காட்டியது வெறும் 1 ஆம்பியரில். அந்தச் சுமையை எந்தச் சப்ளையும் தாங்கும்.

வீட்டில் 5 ஆம்பியர் வைத்ததும் சப்ளையின் 12 வோல்ட் 10.3-க்கு இறங்கி, சார்ஜர் நின்றுவிட்டது. போனில் கேட்டேன். "ஆம்பியரைக் குறைச்சு வைங்கண்ணா" என்றார். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்துச் சமப்படுத்த உதவும் பேலன்ஸ் வயரையும் மாட்டி, 2 ஆம்பியரில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லா செல்லும் 4.20 என்று திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி உப்பத் தொடங்கியது. உடனே கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால், மூன்றாவது செல் 4.41 வோல்ட். இந்த வகை செல்லுக்கு 4.20 தான் உச்சம். அதைத் தாண்டினால் உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேரும், இன்னும் போனால் தீப்பிடிக்கும். அடுத்த அறையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பேட்டரியோடு கடைக்குப் போனால், அண்ணா என்றவர் "சார்" என்றார். முதலில் பேட்டரிதான் கோளாறு என்றார். மல்டிமீட்டரை வைத்து அவர் கண்ணெதிரே அளந்து காட்டியதும், சார்ஜருக்குக் கம்பெனிதான் பொறுப்பு, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வாரன்டியே கிடையாது, முதலாளி ஊரில் இல்லை என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். ரசீதில் 'எலக்ட்ரானிக் பொருட்கள்' என்று மட்டுமே எழுதியிருப்பதை அப்போது சுட்டிக்காட்டியவரும் அவரே. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டார், பதில் இல்லை. ₹13,500 அவர்களுக்கு ஒரு நாள் கல்லாவில் அடங்கிவிடும் தொகையாக இருக்கலாம். எனக்கு அது பல மாதச் சேமிப்பு. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியப் போகிறேன்.

விரிவாக ஆலோசனை எழுத இப்போது மனம் ஓடவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். நீங்கள் ஏற்றப்போகும் அதே ஆம்பியரில், உங்கள் பேட்டரியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, அப்போது சப்ளையின் வோல்ட் இறங்குகிறதா என்று பாருங்கள். பல சார்ஜர்கள் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை 24 வோல்ட் சப்ளையில்தான் தரும். 12 வோல்ட்டில் எவ்வளவு என்று கேளுங்கள். திரை காட்டும் செல் வோல்ட்டைச் சொந்த மல்டிமீட்டரால் சரிபாருங்கள். மாடல் பெயர், வாரன்டி இரண்டையும் எழுதித் தராத ரசீதுக்குப் பணம் கொடுக்காதீர்கள். வீங்கிய பேட்டரியை மறுபடி ஏற்றவோ குத்திப் பார்க்கவோ வேண்டாம். குப்பைத் தொட்டியிலும் போடாமல், மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கும்வரை வீட்டுக்கு வெளியே மணல் வாளியில் வையுங்கள்.