எம்சிஎம்எம்ஓவா, அவுராஸ்கில்ஸா?

மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சேர்வரில் கல் உடைக்க உடைக்கச் சுரங்கத் திறன் ஏறவேண்டும், மரம் வெட்டினால் வெட்டும் திறன் ஏறவேண்டும் என்று விரும்புவோர் பெரும்பாலும் இந்த இரண்டு ப்ளகின்களுக்கிடையில்தான் (சேர்வரில் சேர்க்கும் துணைமென்பொருள்கள்) தடுமாறுவார்கள். அவுராஸ்கில்ஸின் பழைய பெயர் அவ்ரேலியம் ஸ்கில்ஸ். அம்சங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஏறிய லெவல் எங்கே போய் வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு.

எம்சிஎம்எம்ஓவில் லெவலின் பலன் அந்தந்தத் தொழிலுக்குள்ளேயே நிற்கும். அதன் ரெட்ரோ அளவில் (பலன்களை 1000 லெவல் வரை பரப்பும் முறை) சுரங்கத்தில் இரட்டைப் பொருள் கிடைக்கும் வாய்ப்பு 1000ஆம் லெவலில் 100 வீதம். 250இல் 25 வீதம். சிறிது நேரம் வேகமாக உடைக்கவைக்கும் சூப்பர் பிரேக்கர் 50இல் திறக்கும், ஒருமுறை பாவித்தால் 240 விநாடி காத்திருக்கவேண்டும். இத்தனை சுரங்கம் தோண்டியவர் வாளைத் தூக்கினால், வாள் திறனில் அவர் புதியவர்தான்.

அவுராஸ்கில்ஸ் அப்படியல்ல. ஒவ்வொரு திறனும் பொதுவான உடற்பண்புகளை உயர்த்தும். விவசாயம் உயிர்ப்புள்ளியையும் பலத்தையும் கூட்டும். மரம் வெட்டுதல் பலத்தையும் உறுதியையும் கூட்டும். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நாள் முழுக்க நின்றவர், வாளையே தொடாமல், சண்டையில் கூடுதல் இதயங்களோடு (திரையில் உயிர்ப்புள்ளியின் அடையாளம்) வந்து நிற்பார்.

கொழும்பில் இது பெரிய விடயம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சேர்வரில் உயர்தர மாணவர் ட்யூஷன் முடிந்து ஒரு மணித்தியாலம் வருவார். பரீட்சை முடிந்தவர் விடியும்வரை இருப்பார். வீரர்கள் ஒருவரையொருவர் தாக்கும் சேர்வரானால் எம்சிஎம்எம்ஓதான் நியாயம். வீரர்களுக்கிடையே பல வித்தியாசம் அதிலும் வரும், ஆனால் எந்த ஆயுதத்தில் வரும் என்பதை எதிராளி கணிக்கலாம். கூட்டாகக் கட்டி வாழும் சேர்வருக்கு அவுராஸ்கில்ஸ் கூடுதல் இன்பம் தரும்: மெனுவைத் திறந்தால் எல்லாம் கண்முன் தெரியும், தோட்டக்காரனும் வீணாகப் பாடுபட்டதாக உணரமாட்டான். நியாயம், இன்பம் இரண்டும் வேண்டுமென்றால், அவுராஸ்கில்ஸின் ரிவார்ட்ஸ் கோப்புறையில் விவசாயக் கோப்பைத் திறந்து, உயிர்ப்புள்ளி வெகுமதி எத்தனை லெவலுக்கு ஒருமுறை வரும் என்ற இடைவெளியை 1இலிருந்து 5ஆக்குங்கள். தொழிலின் ருசி குறையாது, இதயங்கள் மட்டும் மெதுவாக ஏறும்.

செலவு விடயத்தில் அவுராஸ்கில்ஸ் இலவசம். எம்சிஎம்எம்ஓவின் தயார் கோப்புக்குப் பணம் கட்டவேண்டும். டொலர் கார்ட் இல்லாதவர்கள் திறந்த மூலநிரலை இறக்கி மேவன் என்ற கட்டமைப்புக் கருவியால் தாங்களே கட்டிக்கொள்ளலாம், அதற்கு உரிமம் இடம் தருகிறது.

அதிகம் பேர் தவறுவது எம்சிஎம்எம்ஓவின் அளவுமுறையில். ரெட்ரோ முறை 1000 வரையும், சாதாரண முறை 100 வரையும் பலன்களைப் பரப்புகிறது. சேர்வர் ஓடத் தொடங்கிய பிறகு ரெட்ரோவை அணைத்தால் பழைய எண் அப்படியே இருக்கும்: 300இல் இருந்தவர் ஒரே இரவில் உச்சப் பலன்களைப் பெற்றுவிடுவார். முதல் நாளே முடிவெடுங்கள்.

இரண்டு ப்ளகின்களையும் ஒரே சேர்வரில் சேர்த்துப் போடவேண்டாம். இரண்டுமே கூடுதல் கனிமம் கொடுக்கும். பலன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வைரத்தின் மதிப்பு சந்தையில் விழுந்துவிடும்.

மீன்பிடியில் எம்சிஎம்எம்ஓ கண்டிப்பானது. ஒரே இடத்தில் தொடர்ந்து தூண்டில் போட்டால் பலனை நிறுத்திவிடும். சில கட்டைகள் (பிளாக்குகள்) தள்ளிப் போடவேண்டும். இதைப் பழுதென்று நினைத்து முறையிடுபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வீட்டுக் கணினியிலேயே சேர்வர் ஓட்டுபவர்கள் மின்சாரத்தையும் யோசிக்கவேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் நாடே இருண்டதுபோல எழுதும் நடுவில் மின் போனால், கோப்பாகச் சேமிக்கும் தரவு சிதையலாம். கோப்புக்குப் பதிலாக மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் சேமிப்பதை இரண்டுமே ஏற்கும். அதோடு ஒரு சிறு யூபிஎஸ் வைத்தால், சேர்வரை ஒழுங்காக நிறுத்தும் அளவுக்கு நேரம் கிடைக்கும். பிரதி எடுக்கும்போது சேர்வரை நிறுத்திவிட்டு ப்ளகின் கோப்புறையை மட்டுமல்ல, உலகக் கோப்புறைக்குள் இருக்கும் எம்சிஎம்எம்ஓ ரீஜன்ஸ் கோப்புறையையும் எடுங்கள். எந்தக் கட்டை வீரர் வைத்தது என்ற பதிவு அங்கேதான் இருக்கிறது. அது தொலைந்தால், வைத்த கனிமத்தையே திரும்ப உடைத்து லெவல் ஏற்றும் வழி திறந்துவிடும்.