எம்டிஅட்ம் ரெய்டு: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

பல வன்வட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைப்பதுதான் ரெய்டு. அதற்கெனத் தனி ரெய்டு கார்டு எதுவும் வாங்காமல், டெபியன் (லினக்ஸ் வகை) சர்வர் ஒன்றில் நான்கு வன்வட்டுகளை எம்டிஅட்ம் என்ற லினக்ஸ் மென்பொருள் கருவி கொண்டு ரெய்டு 5 ஆக இணைத்துப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தேன். ஒழுங்காக ஓடும்வரை அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சில மணி நேர இடைவெளியில் இரண்டு வட்டுகள் விலக்கப்பட்டு ரெய்டு நின்றுபோனபோதுதான் அந்தக் கருவியின் அருமை தெரிந்தது.

ரெய்டு 5 ஒரு வட்டின் இழப்பை மட்டுமே தாங்கும் என்பதால், இரண்டாவதும் போனதும் பலர் பதறிப்போய், ரெய்டைப் புதிதாக உருவாக்கும் ‘கிரியேட்’ கட்டளையைக் கொடுத்துவிடுகிறார்கள். வட்டுகளின் வரிசையோ, ஒவ்வொரு வட்டிலும் ஒரு தடவைக்கு எழுதப்படும் துண்டின் அளவான சங்க் அளவோ (பழைய பதிப்புகளில் இயல்பாக 64 கேபி, பின்னர் 512 கேபி), தரவு தொடங்கும் இடமோ முன்பிருந்ததிலிருந்து மாறிவிட்டால், அதன்பின் தொடங்கும் ஒத்திசைவு நல்ல தரவையும் அழித்துவிடும்.

நான் முதலில் ‘எக்ஸாமின்’ கட்டளையைக் கொடுத்து, ஒவ்வொரு வட்டின் சூப்பர்பிளாக்கிலும் (ரெய்டு விவரங்கள் இருக்கும் பகுதி) பதிவாகியிருந்த ஈவென்ட் எண்ணை, அதாவது ரெய்டில் மாற்றம் நிகழும்போது கூடிக்கொண்டே போகும் எண்ணை, ஒப்பிட்டேன். மூன்றில் அந்த எண் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, முதலில் விலகிய வட்டில் மட்டும் நன்றாகப் பின்தங்கியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றின்மீதும் லினக்ஸின் டிவைஸ் மேப்பர் வசதி மூலம், எழுதுவதை எல்லாம் தனியே வாங்கிக்கொள்ளும் ஸ்னாப்ஷாட் அடுக்கு போட்டு, அசல் வட்டில் ஒரு பைட்கூட எழுதப்படாதவாறு, இருக்கும் வட்டுகளைக் கட்டாயமாக ஒன்றுசேர்க்கும் ‘அசெம்பிள் ஃபோர்ஸ்’ கொடுத்துப் பார்த்தேன். ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் மூன்று ‘யு’க்களும் (இயங்கும் வட்டுகள்) ஓர் அடிக்கோடும் (இல்லாத வட்டு) தெரிந்தன, கோப்புகளும் சரியாகத் திறந்தன. பிறகே அசலில் அதைச் செய்து, நான்காவது வட்டைச் சேர்த்தேன்.

விசித்திரம் என்னவென்றால், இரண்டு வட்டுகளுமே சாகவில்லை. பழுதான செக்டரை (வட்டின் ஒரு சிறு பகுதி) படிக்க மேசைக்கணினி வட்டுகள் நிமிடக்கணக்கில் முயலக்கூடும். லினக்ஸின் மையமான கெர்னலோ இயல்பாக 30 வினாடிதான் காத்திருக்கும்; அதற்குள் பதில் வராவிட்டால் நல்ல வட்டும் ரெய்டிலிருந்து விலக்கப்படலாம். வட்டுகளைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை மூலம் வட்டின் பிழைமீட்பு நேரத்தை 7 வினாடியாகக் குறைக்கலாம். வட்டு அதற்கு இடம் தராவிட்டால் கெர்னலின் காத்திருப்பை 180 வினாடியாக உயர்த்தலாம். மின்சாரம் போனால் இந்த அமைப்பும் போய்விடும் என்பதால், தொடக்க ஸ்கிரிப்டிலேயே அதை எழுதிவைக்க வேண்டும்.

ஒரு குறை உண்டு. டெபியன் மாதத்தின் முதல் ஞாயிறன்று நடத்தும் சோதனை முரண்பாடுகளை எண்ணிச் சொல்லுமே தவிர, எந்த வட்டில் இருப்பது பிழை என்று ரெய்டு 5இல் அதனால் சொல்ல முடியாது. இரண்டு வட்டுகளின் இழப்பைத் தாங்கும் ரெய்டு 6க்கு மாறிய பிறகும் எம்டிஅட்மையே வைத்திருக்கிறேன். காப்புப் பிரதிகள் வேறொரு கணினியில் இருக்கின்றன.