குமரி மாவட்ட வீட்டுத் தரைக்குச் செராமிக்கா, போர்சலினா?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ டைல்ஸ் கடைக்குள் நுழைந்தால், இரண்டுக்கு இரண்டு வேண்டுமா, நாலுக்கு இரண்டு வேண்டுமா, மினுமினுப்பானதா, மினுமினுப்பில்லாத மேட் வகையா என்பவைதான் முதலில் கேட்கப்படும் கேள்விகள். அந்த டைல் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சும் என்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. செராமிக், போர்சலின் என்னும் இரண்டு பெயர்களுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு அதில்தான் இருக்கிறது. வீடு கட்டியபோது இதை அறியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கற்றுக்கொண்டவன் என்பதால், இப்போது வீடு கட்டுகிறவர்களுக்கு இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

பெயரில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். போர்சலினும் செராமிக் வகையைச் சேர்ந்ததுதான். களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் முதலிய கனிமங்களைச் சேர்த்து, மிகுந்த அழுத்தத்தில் அச்சிட்டு, ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி, உள்ளிருக்கும் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. அதுவே போர்சலின். நம் ஊர்க் கடைகளில் விட்ரிஃபைடு என்ற பெயரில் விற்கப்படுவதும் இதே குடும்பம்தான். பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 13006, எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாத டைல்களையே இந்தப் பிரிவில் வைக்கிறது. சாதாரணச் செராமிக் தரை டைல்கள் பெரும்பாலும் 3 முதல் 10 விழுக்காடு வரை உறிஞ்சுகின்றன. 10 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சுபவை பெரும்பாலும் சுவருக்கு உரியவை. கடையிலேயே இதை ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். டைலைக் கவிழ்த்து, அதன் முதுகில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிச் சில நிமிடம் பொறுத்திருங்கள். செராமிக் என்றால் அந்த இடம் நிறம் கறுத்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போர்சலின் என்றால் தண்ணீர் அப்படியே நிற்கும்.

உறைபனியில் வெடிக்காது என்பது போர்சலினுக்குச் சொல்லப்படும் சிறப்புகளுள் ஒன்று. பனி உறையாத குமரி மாவட்டத்தில் அந்தச் சிறப்புக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. நமக்குரிய சிக்கல் வேறு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கு பெய்வதால், ஆண்டில் பல மாதங்கள் மண் காய்வதே இல்லை. அடித்தளத்தில் ஈரத்தடுப்பு சரியாக இடப்படாத வீட்டில் அந்த ஈரம் தரை வழியே மேலேறி, துளைகள் நிறைந்த செராமிக் உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கும்போது உடல் மிகச் சிறிய அளவில் விரிவடைகிறது; மேலே உள்ள கண்ணாடி போன்ற பூச்சான கிளேஸ் அதற்கு ஈடுகொடுத்து விரிய முடியாமல் தலைமுடி போன்ற கீறல்களாக வெடிக்கிறது. குளச்சலில் கடலுக்கு அருகே இருக்கும் என் அக்கா வீட்டின் கூடத்தில், வெளிர்நிறச் செராமிக் டைல்களில் இத்தகைய வலைப்பின்னலை இன்றும் காணலாம். போர்சலினில் இந்த விரிவு புறக்கணிக்கத்தக்க அளவே. ஆனால் போர்சலின் பதித்தால் ஈரம் ஏறாது என்று எண்ணிவிடக் கூடாது. இணைப்புகள் வழியே அது வரத்தான் செய்யும், உப்பும் பூக்கும். ஈரத்தைத் தடுப்பது டைலுக்குக் கீழே செய்யவேண்டிய வேலை.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஈரத்தைவிட மணலைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான் போன்ற கனிமங்கள் கலந்திருப்பதும், அதனாலேயே அங்கு மணல் ஆலை இயங்குவதும் இம்மாவட்டத்தார் அறிந்ததே. மோஸ் அளவுகோலில் சாதாரண மணலான குவார்ட்ஸின் கடினம் 7; சிர்கானின் கடினம் 7.5. பல மினுமினுப்பான கிளேஸ்களின் கடினமோ 5, 6 என்ற அளவில்தான் நிற்கிறது. முட்டத்திலோ குளச்சலிலோ கடற்கரைக்குப் போய்வந்த காலோடு கூடத்தில் நடக்கும் ஒவ்வொரு முறையும் உப்புத்தாளால் தரையைத் தேய்ப்பதற்கு நிகரான வேலை நடக்கிறது. இதை அளப்பதற்குக் கிளேஸ் இட்ட டைல்களுக்கு பிஇஐ என்னும் தேய்மான வகைப்பாடு உண்டு. கரடான துகளையும் எஃகு உருண்டைகளையும் மேற்பரப்பில் சுழற்றிப் பார்க்கும் இந்தச் சோதனையில், 1500 சுற்றுகளுக்குள் தேய்மானம் தெரிந்துவிடுபவை மூன்றாம் வகுப்பையோ அதற்குக் கீழானவற்றையோ சேர்ந்தவை. நான்காம் வகுப்பு டைல் 12,000 சுற்றுகள் வரையிலும் தாங்கக்கூடும். கடற்கரை ஊர்களில் நான்காம் வகுப்புக்குக் குறைந்ததை வாசலிலும் கூடத்திலும் பதிக்கக் கூடாது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜிவிடி என்று விற்கப்படும் கிளேஸ் இட்ட விட்ரிஃபைடு டைலிலும் காலில் படுவது கிளேஸ்தான்; உடல் போர்சலின் என்பதால் மட்டும் மேற்பரப்பு கீறாமல் இருந்துவிடாது. மேல்நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் வரை செல்லும் டபுள் சார்ஜ் வகையும், முழு உடலும் ஒரே நிறமான ஃபுல் பாடி வகையும்தான் தேய்ந்தாலும் நிறம் மாறாதவை.

வழுக்கலைப் பொறுத்தவரை செராமிக், போர்சலின் என்ற பிரிவு பயன்படாது. மேற்பரப்பின் தன்மைதான் பயன்படும். என் வீட்டின் முன்புறத் திண்ணையான சிட்அவுட்டில் கூடத்துக்குப் போட்ட அதே பாலிஷ் விட்ரிஃபைடு டைலையே அழகுக்காகத் தொடர்ந்து பதித்தோம். ஆடிச் சாரலில் நனைந்த அந்தத் தரையில் அம்மா வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். அந்தக் குற்றவுணர்வு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் கண்ணாடி போன்ற கருந்தரையைப் பார்த்து வியப்பவர்கள், அது சரிவான ஓட்டுக்கூரையின் ஆழத்தில், மழைச்சாரல் எட்டாத இடத்தில் இருப்பதையும் பார்க்க வேண்டும். நம் சிட்அவுட்டுகள் அப்படியல்ல. காற்றோடு வரும் மழை அவற்றில் நேராக விழுகிறது. அங்கே சொரசொரப்பான மேட் போர்சலின் பதிப்பதே முறை. அது கிடைக்காவிட்டால், பாலிஷ் போர்சலினைவிடச் சொரசொரப்பான செராமிக் நூறு மடங்கு மேல்.

குளியலறையில் செராமிக்குக்கு நியாயமான முதலிடம் உண்டு. தண்ணீர் நாற்புறமிருந்தும் துளையை நோக்கி ஓட வேண்டுமானால் தரை நான்கு பக்கமும் சரிய வேண்டும். இரண்டடிப் பெரிய டைலை மூலைவிட்டமாக வெட்டாமல் அப்படிச் சரிக்க முடியாது. ஓரடிச் செராமிக் டைல் எளிதில் வெட்டுப்படும், சரிவுக்கு இணங்கும், இணைப்புக்கோடுகள் மிகுதியாக இருப்பதால் காலுக்குப் பிடிப்பும் தரும். நீர்க்கசிவைத் தடுப்பது கீழே இடும் நீர்த்தடுப்புப் பூச்சுதான் என்பதால், டைலின் உறிஞ்சும் தன்மை அங்கே பெரிய குறையாவதில்லை.

சமையலறையில் மீன்குழம்பு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் சிந்தும். கிளேஸ் முழுமையாக இருக்கும்வரை செராமிக்கில் கறை பிடிக்காது. கிளேஸ் இல்லாத பாலிஷ் போர்சலினிலோ, பாலிஷ் செய்யும்போது திறந்துகொள்ளும் நுண்துளைகளில் மஞ்சள் புகுந்துகொள்வதுண்டு. ஆகவே அங்கே மேட் ஜிவிடி போதும்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவது பதிக்கும் முறை. செராமிக் டைலைத் தண்ணீரில் ஊறவைத்துச் சிமெண்ட் பாலில் பதிப்பது நம் கொத்தனார்களுக்குத் தலைமுறையாகக் கைவந்த வேலை. டைலின் துளைகளுக்குள் சிமெண்ட் பால் புகுந்து இறுகுவதால் அது நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரையே உறிஞ்சாத போர்சலினின் முதுகில் அந்தச் சிமெண்ட் பால் எங்கே புகும்? முதலில் ஒட்டியதுபோல் தோன்றினாலும், ஓரிரு கோடைகள் கழிந்தபின் தட்டிப் பார்த்தால் வெற்றுப் பானையைப் போல ஒலிக்கும். வெப்பத்தில் விரியும்போது இடைவெளியின்றி நெருக்கிப் பதித்த வரிசைகள் கூடாரம்போல் எழும்பி உடையும். போர்சலினுக்குப் பாலிமர் கலந்த டைல் பசையே பொருத்தம். இந்தியத் தரநிலை ஐஎஸ் 15477 இப்பசைகளை வகை பிரித்திருக்கிறது. மூட்டையில் வகை எண்ணைப் பார்த்து, போர்சலினுக்கு ஏற்றதா என்று உறுதிசெய்துகொண்டு வாங்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் பசையைக் குவித்து அமுக்கும் வழக்கத்தை அனுமதிக்காதீர்கள். பல்வெட்டிய கரண்டியால் முழுப்பரப்பிலும் இழுத்துப் பரப்பி, டைல்களுக்கிடையே குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். பசைக்குச் செலவழிக்க இயலாத நிலையில், சிமெண்டில் பதித்த போர்சலினைவிடச் சிமெண்டில் நன்றாகப் பதித்த செராமிக்கே நீடிக்கும் என்று தயங்காமல் சொல்வேன்.

விலைக் கணக்கையும் இந்தப் பசையோடு சேர்த்தே போட வேண்டும். செராமிக்குக்கும் போர்சலினுக்கும் சதுர அடிக்கு 20 ரூபாய் வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், 1,000 சதுர அடி வீட்டுக்கு 20,000 ரூபாய். அதற்குமேல் பசை, வைரப்பல் பிளேடு, கூடுதல் கூலி. வீடு முழுவதற்கும் ஒரே வகையை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், கூடத்துக்கும் சிட்அவுட்டுக்கும் சமையலறைக்கும் மேட் போர்சலின், குளியலறைக்குச் சொரசொரப்பான ஓரடிச் செராமிக், நடமாட்டம் குறைந்த படுக்கையறைக்கு நல்ல வகுப்புச் செராமிக் என்று பிரித்தால் இந்தச் சுமை கணிசமாகக் குறையும். படுக்கையறையிலும் போர்சலின் வேண்டும் என்று வற்புறுத்துபவர்களிடம் நான் வாதிட மாட்டேன். அங்கே வேறுபாடு அவ்வளவு பெரிதல்ல.

எதை வாங்கினாலும் எல்லாப் பெட்டிகளிலும் நிறச்சாயலைக் குறிக்கும் ஷேடு எண் ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பெட்டியைக் கூடுதலாக எடுத்து வையுங்கள். சிமெண்டில் பதித்த செராமிக் ஒன்று உடைந்தால் உளியால் தட்டி எடுத்து மாற்றுவது பெரும்பாலும் அரைநாள் வேலை. பசையில் பிடித்த போர்சலினை எடுக்கும்போது அருகில் உள்ள ஒன்றிரண்டும் சேர்ந்து உடைய வாய்ப்புண்டு என்பதால், போர்சலினுக்கு அந்தக் கூடுதல் பெட்டி இன்னும் அவசியமாகிறது.