மாம்சமா, ஊனியல்பா: வேதபாடத்துக்கு எந்தத் தமிழ் வேதாகமம்?

ரங்கூனில் தமிழ் வேதபாடத்துக்கு உட்கார்ந்தால் மடியில் மூன்று புத்தகம் வேண்டியிருக்கிறது. 1871இல் பவர் ஐயர் குழு முடித்த பழைய திருப்புதல் (அதாவது மொழிபெயர்ப்பு) ஒன்று. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இன்னொன்று. தமிழ் பேசினாலும் பர்மிய எழுத்தையே சரளமாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க மிஷனரி ஜட்சன் மொழிபெயர்த்த பர்மிய வேதாகமம். வசனத்தைப் பிரித்து ஆராய நான் முதலில் திறப்பது பழைய திருப்புதலைத்தான்.

கர்த்தர்–ஆண்டவர், ஆதியாகமம்–தொடக்க நூல் போன்ற வேறுபாடுகள் ஒரு வாரத்தில் பழகிவிடும். சரளமாக வாசிக்கப் பொது மொழிபெயர்ப்பே சுலபம், அதில் சண்டையில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: மூலத்தில் ஒரே சொல் வரும் இடங்களைத் தமிழிலும் தொடர்ந்து போக முடிகிறதா? சதை, மாம்சம் என்று பொருள்படும் 'சார்க்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லை எடுங்கள். யோவான் 1:14இல் பழைய திருப்புதல் "அந்த வார்த்தை மாம்சமாகி" என்கிறது. ரோமர் 8:3இல் "பாவமாம்சத்தின் சாயலாக", கலாத்தியர் 5:19இல் "மாம்சத்தின் கிரியைகள்". ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் ஒத்துவாக்கிய அகராதியில் 'மாம்சம்' என்று தேடினால் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். எந்த மாம்சம் பாவத்துக்கு இடங்கொடுத்ததோ அதையே வார்த்தையானவராகிய கிறிஸ்து எடுத்துக்கொண்டார் என்ற இணைப்பு தானே தெரியும். பொது மொழிபெயர்ப்பில் யோவான் "வாக்கு மனிதர் ஆனார்" என்கிறார், கலாத்தியரிலோ 'ஊனியல்பு' வருகிறது. ஊன் என்றாலும் மாம்சம்தான். அந்தமட்டில் மொழிபெயர்த்தவர்கள் விவரமானவர்கள். ஆனாலும் 'மனிதர்' என்ற சொல்லிலிருந்து 'ஊனியல்பு'க்குப் போக வழியில்லை, நூல் அறுந்துவிடுகிறது.

1834இல் மோல்மேனில் மொழிபெயர்ப்பை முடித்த ஜட்சன் இதே சிக்கலைப் பாலியிலிருந்து வந்த 'ஜாதி' என்ற பர்மியச் சொல்லால் தாண்டுகிறார். யோவானில் 'லூ ஜாதி', ரோமரில் 'ஜாதி பகதி'. தமிழ்க் காதுக்கு அது குலம்கோத்திரமாகக் கேட்கும். அங்கே அதன் பொருள் பிறவி, பிறவி இயல்பு. பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பழைய திருப்புதலிலும் ஆபத்து உண்டு. மாம்சம் என்றதும் இளசுகளுக்குக் கசாப்புக்கடை நினைவு வரும், பெரியவர்கள் உடம்பு என்று எடுத்துக்கொள்வார்கள். உடம்பே பாவம் என்று பிரசங்கம் கிளம்புவது அங்கிருந்துதான். மருந்தும் அதே அதிகாரத்தில் இருக்கிறது: கலாத்தியர் 5:20இல் பகை, கோபம், பிரிவினை எல்லாம் மாம்சத்தின் கிரியைகளாக வருகின்றன. இவற்றில் எது உடம்பின் பாவம்? பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, பிறகு 'ஊனியல்பு' என்ற சொல்லைக் காட்டினால் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இரண்டு புத்தகங்களையும் சேர்த்து வாசிக்கும்போது 1 யோவான் 5:7இல் தடுமாற்றம் வரும். பழைய திருப்புதலில் பரலோகத்தில் சாட்சியிடும் மூவர் உண்டு, பொது மொழிபெயர்ப்பில் இல்லை. அச்சுப்பிழை அல்ல. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி கிடையாது. இந்த இடத்தில் பொது மொழிபெயர்ப்பின் பக்கமே நிற்பேன்.

புயலில் சிக்கிய படகில் சீஷர்கள் கதறும் மாற்கு 4:38 இன்னொரு வகை. கிரேக்கத்தில் நாம்–நாங்கள் பேதமில்லை, தமிழில் தப்ப முடியாது. "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்ற பழைய திருப்புதல், அதே படகில் இருக்கும் இயேசுவைக் கணக்கில் சேர்க்கவில்லை. "சாகப்போகிறோமே" என்ற பொது மொழிபெயர்ப்பு வினைமுற்றை மட்டும் வைத்துக்கொண்டு சாமர்த்தியமாக நழுவுகிறது.

ஞானஸ்நானம் பற்றி ஒரு வேடிக்கை. ஞானஸ்நானம் என்றால் தண்ணீரில் முழுகுவதுதான் என்னும் பாப்திஸ்து சபையைச் சேர்ந்த ஜட்சன் கிரேக்கச் சொல்லையே ஒலிபெயர்த்து 'பத்திஸம்' என்று விட்டுவிட்டார். பாப்திஸ்துகாரர்கள் ஆசைப்படும் முழுக்கு, கத்தோலிக்கரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பில்தான் 'திருமுழுக்கு' என்று இருக்கிறது.

நிருபங்களையும் சுவிசேஷங்களையும் வைத்துத்தான் இவ்வளவும் சொன்னேன். சங்கீதத்துக்கு இதே தீர்ப்பைத் தரமாட்டேன். 23ஆம் சங்கீதத்தில் பழைய திருப்புதலின் "நான் தாழ்ச்சியடையேன்" என்பதை இன்றைக்கு 'தலைகுனிய மாட்டேன்' என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. பொது மொழிபெயர்ப்பைப் போல "எனக்கேதும் குறையில்லை" என்றால் விளக்கமே தேவைப்படாது.